கல் வெடித்தால் கல்லைக் குற்றம் சொல்லாதேங்கோ

கரி அடுப்பில் வைத்த பீட்சாக் கல் இரண்டாய்ப் பிளந்தால் எங்கட ஆக்கள் மூன்று காரணம் சொல்லுவினம். ஒண்டு, "அது மலிஞ்ச சாமான்." இரண்டு, "அது கரண்ட் ஒவனுக்குத்தான், கரிக்குச் சரிவராது." மூன்று, "அது அப்பிடித்தான், எப்பவோ ஒருநாள் வெடிக்கும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் சொல்லப்படுவது யோசிக்காமல் தப்புவதற்காக. கல் ஏன் வெடித்தது என்று கேட்கவேண்டிய இடத்தில் எந்தக் கல்லை வாங்கலாம் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை எங்களுக்குப் பழக்கினவர்களோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

இது பணக்காரரின் பொழுதுபோக்குப் பிரச்சினை, இதுக்கு ஏன் ஒரு கட்டுரை என்று சிலர் கேட்கக்கூடும். 2022இல் வெறும் சிலிண்டரோடு காஸ் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். அந்த வருசம் எத்தனையோ வீடுகள் விறகுக்கும் கரிக்கும் திரும்பின. இன்றைக்கும் மின்சாரக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஒவனைப் போடப் பயப்படுகிற வீடுகள் இருக்கின்றன. பழைய கார் றிம்மிலோ பாதியாய் வெட்டின தகரப் பீப்பாவிலோ அடுப்புச் செய்து, சிரட்டைக்கரி போட்டு, குழைத்த மாவைச் சுட்டெடுப்பது எங்கள் வயதுக்காரருக்கு எட்டக்கூடிய காரியம். எட்டாதது கல். அது வெடித்தால் இன்னொன்று வாங்கக் காசில்லை. அதனால்தான் அது வெடிக்கக்கூடாது.

கல்லுக்குள் நடப்பது

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் உலோகக் குண்டும் வளையமும் நினைவிருக்கும். குளிர்ந்த குண்டு வளையத்துக்குள்ளால் போகும், சூடாக்கினால் போகாது. பொருள்கள் சூட்டில் விரியும் என்று எழுதினோம், புள்ளி எடுத்தோம், புத்தகத்தை மூடினோம். அந்தக் குண்டுதான் இப்ப அடுப்பில் தட்டையாய்க் கிடக்கிறது. ஆனால் எங்களுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கோ. 38 சென்ரிமீற்றர் அகலமான சாதாரண சுட்ட களிமண் தட்டு ஒன்று 300 பாகை சூடேறினால், சுமார் 0.7 மில்லிமீற்றர் விரியும். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. முழுத் தட்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவாக விரிந்தால் ஒரு கரைச்சலும் வராது. ஆனால் நடுவில் தணலைக் குவித்து, அதுக்கு நேரே மேலே கல்லை வைத்தால் என்ன நடக்கும்? நடுப்பகுதி விரியப் பார்க்கும். விளிம்பு இன்னும் குளிராய் இருப்பதால் அது விரியாது. நடு வெளியே தள்ள, விளிம்பு இழுபடும்.

இழுபடுவதுதான் ஆபத்து. ஒரு வெண்கட்டியை எடுத்து இரண்டு முனையிலும் நேராக அழுத்துங்கோ, லேசில் உடையாது. வளைத்துப் பாருங்கோ, உடனே முறியும், ஏனெண்டா வளைத்தால் ஒரு பக்கம் இழுபடும். சுட்ட மண்ணும் அப்பிடித்தான். நெருக்கலை எவ்வளவும் தாங்கும், இழுவையைத் தாங்காது. நடு மட்டும் கொதித்த கல்லில் வெடிப்பு விளிம்பில் தொடங்கி நடுவுக்கு ஓடுவது இதனால்தான். அடுத்தமுறை வெடித்த கல்லைக் கண்டால் கோட்டைப் பாருங்கோ. அந்தக் கோடு நடந்ததைச் சொல்லும்.

ஆறும்போது இன்னும் மோசம். சூடான கல்லில் குளிர்ந்த காற்றோ தண்ணீரோ பட்டால் மேல்தோல் முதலில் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருப்பது சுருங்காது. இப்ப மேல்தோல் முழுக்க இழுபடுகிறது. மெதுவாகச் சூடாக்குவதில் காட்டுகிற கவனத்தைப் பலபேர் ஆறவைப்பதில் காட்டுவதில்லை. பீட்சா நல்லா வந்த சந்தோசத்தில் கல்லைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது எதிரி ஈரம். பீட்சாக் கல்லில் நுண்துளைகள் உண்டு. மாவின் ஈரத்தை உறிஞ்சி அடிப்பக்கத்தை மொறுமொறுப்பாக்குவது அந்தத் துளைகள்தான். கழுவினால் தண்ணீரையும் அதே துளைகள் குடிக்கும். தண்ணீர் கொதித்து ஆவியானால் அதன் கனவளவு சுமார் 1,700 மடங்காகும். துளைக்குள் சிக்கின ஈரத்துக்கு வெளியே வர வழியும் நேரமும் கிடைக்காவிட்டால், அது தன்ர வழியைத் தானே வெட்டும்.

இனி கரி. வீட்டு ஒவன் பெரும்பாலும் 250 பாகைக்கு மேலே போகாது, கல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட அதே சூடு இருக்கும். செந்தணலோ 700 பாகையைத் தாண்டும். அதன் கதிர்வீச்சு கல்லின் அடியில் நேராக அடிக்கும். மேல்பக்கம் மூடியைப் பார்த்தபடி இருக்கும், மூடியைத் திறந்தால் வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே "கரிக்குச் சரிவராது" என்று சொல்லுகிறவர் பாதிதான் சரி. கரியில் வெப்பநிலை வித்தியாசம் கூட. வித்தியாசத்தைக் குறைத்தால் கரியும் சரிவரும்.

"நல்ல கல்லா வாங்கு"

முதலாவது எதிர்க்கட்சிக்கு வருவோம். விற்கிறவர் சொல்லும் மருந்து எப்பவும் இன்னொரு கல்தான், கொஞ்சம் விலை கூடின கல்.

விலை கூடின கற்களில் நல்லவை உண்டு, மறுக்கவில்லை. அவற்றில் பல கோர்டியரைற் என்ற பொருளால் செய்தவை. சூட்டில் அது விரிவது குறைவு, சாதாரண சுட்ட மண்ணின் விரிவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். மட்பாண்டச் சூளைகளுக்குள் தட்டாக வைப்பதும், வாகனப் புகைபோக்கியில் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பாகத்தைச் செய்வதும் இதால்தான். பிரெஞ்சுப் புவியியலாளர் கோர்டியேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். இதே கனியத்தின் தெளிந்த நீலப் பளிங்கு அயோலைற் என்ற இரத்தினக்கல். அது எங்கட நாட்டு இரத்தினக்கல் மண்ணிலும் கிடைக்கிறது. கல்லுக்காகச் செய்கிற கோர்டியரைற்றைக் களிமண்ணும் மாக்கல்லும் அலுமினாவும் சேர்த்துத் தொழிற்சாலையில் சுட்டெடுக்கிறார்கள்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு விரியும் என்றால் விரியவே மாட்டாது என்று அர்த்தமில்லை. பிழைவிட இடம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சூடான கோர்டியரைற் கல்லின் மேல் பச்சைத்தண்ணியை ஊற்றினால் அதுவும் வெடிக்கலாம். உறைபெட்டியிலிருந்து எடுத்த பீட்சாவை அப்படியே வைத்தாலும் வெடிக்கலாம். இதைச் சொல்லாமல் "வெடிக்காத கல்" என்று விற்பது வியாபாரம். அதை நம்பி, கல்லை மாற்றிவிட்டு நெருப்பை மாற்றாமல் விடுவது எங்கட ஏமாளித்தனம்.

விற்கிறவர் சொல்லாத இன்னொன்றும் இருக்கு. இரண்டாய்ப் பிளந்த கல் செத்த கல் இல்லை. இரண்டு துண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுடுங்கோ, மாவுக்கு வித்தியாசம் தெரியாது. வெடித்ததோடு கல்லுக்குள் இருந்த இழுவையும் தீர்ந்துபோகும். சில்லுச் சில்லாய் உதிரத் தொடங்கினால் மட்டும் எறியுங்கோ, கல்லுத்துண்டு பல்லுக்குக் கூடாது.

"இந்தப் பத்து விதியையும் செய்"

இரண்டாவது கட்சி யூரியூப்காரர். இவர்களிடம் விதி நிறைய, காரணம் குறைவு. கல்லை எண்ணெய் பூசிப் பழக்கு என்று ஒருவர், பூசாதே என்று இன்னொருவர். 45 நிமிடம் சூடாக்கு என்று ஒருவர், 20 போதும் என்று அடுத்தவர். இரண்டையும் கேட்ட பிள்ளை மூன்றாவது காணொளியைத் தேடும்.

காரணம் தெரிந்தால் சண்டை இரண்டு நிமிடத்தில் முடியும். எண்ணெய் துளைக்குள் போய் எரியும், புகையும், நாறும், வெடிப்பைத் தடுக்காது. இரும்புச் சட்டிக்குச் செய்வதைக் கல்லுக்குச் செய்யத் தேவையில்லை. 45 நிமிடமா 20 நிமிடமா என்பது கல்லின் தடிப்பையும் அடுப்பின் அளவையும் பொறுத்தது. தடித்த கல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், ஆனால் அடிக்கும் மேலுக்கும் இடையே வித்தியாசமும் கூடும், அதனால் கூடுதல் நேரம் கேட்கும். வெளிநாட்டில் ஆரோ தன்ர மூடிபோட்ட அடுப்புக்குச் சொன்ன நிமிடக்கணக்கு, கார் றிம்மில் செய்த உங்கட அடுப்புக்கு எப்பிடிப் பொருந்தும்? விதி ஓர் அடுப்புக்கு. காரணம் எல்லா அடுப்புக்கும்.

"எங்கட முன்னோருக்கு எல்லாம் தெரியும்"

மூன்றாவது கட்சி எங்களுக்கு மிக நெருக்கமானது. அதனால் அதோடுதான் சண்டை கூட. "பீட்சாக் கல்லாம் பீட்சாக் கல்லு! எங்கட ஆக்கள் கல்லிலயும் மண்ணிலயும் சமைச்ச சனம். முத்தத்தில கிடக்கிற கல்லைத் தூக்கி வை."

தயவுசெய்து வைக்காதேங்கோ. கருங்கல்லுக்குள் வேறு வேறு கனியங்கள் வேறு வேறு அளவில் விரியும். வெடிமருந்து வருவதற்கு முந்தின காலத்தில், பாறையில் நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றிப் பிளந்த தொழிலாளருக்கு அது நல்லாத் தெரியும். அவர்கள் பிளக்கச் செய்ததை நீங்கள் பீட்சாவுக்குச் செய்யப் போறீங்கள். ஆற்றுக்கல்லும் குளத்துக்கல்லும் உள்ளே ஈரம் வைத்திருக்கும், நெருப்பில் சில்லாய்ச் சிதறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுத்தார்கள்? சீமெந்துக் கல்லுக்குள் கட்டுண்ட நீர் இருக்கு, அது சூட்டில் உதிரும், வெடித்தும் பாயும். மினுக்கம் பூசின தரையோட்டின் பூச்சில் என்ன கிடக்கு என்று உங்களுக்குத் தெரியாது, அதில் சாப்பாட்டை வைக்கவேண்டாம். எல்லாத்திலும் மோசம் கூரைக்குப் போட்ட அஸ்பெஸ்ரஸ் துண்டு. சூட்டில் அது வெடித்துத் தெறிக்கும், தெறிக்கிற தூசு நுரையீரலுக்கு நஞ்சு. முன்னோரின் பேரைச் சொல்லி ஒருவர் கண்ணையோ நெஞ்சையோ இழக்கவேண்டாம்.

முன்னோருக்குத் தெரிந்தது வேறு. அது பெருமையாக இல்லாமல் கைவேலையாக இருந்தது. குயவர் செய்த சமையல் சட்டியின் அடி ஏன் உருண்டை? மூலை இல்லாததால் இழுவை ஓரிடத்தில் குவியாது. சுவர் ஏன் மெல்லிசு? உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் குறையும். மண்ணோடு ஏன் மணல் கலந்தார்கள்? தொடங்குகிற சின்ன வெடிப்பு ஒரு மணியில் முட்டி நின்றுவிடும். "சூட்டுச் சட்டிக்குள்ள பச்சைத்தண்ணி விடாத" என்று அம்மா சொன்னதும் மேலே நாங்கள் எழுதின பௌதிகம்தான். அதைப் பள்ளிக்கூடத்தில் தகைப்பு என்று படித்தால் அறிவு, குசினியில் கேட்டால் பேச்சு. அப்பிடி ஆர் பிரித்து வைத்தது?

விறகுப் போறணையையும் பாருங்கோ. உள்ளே விறகை எரித்து, தணலை வாரி எடுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்துவிட்டுப் பாணை உள்ளே தள்ளுகிறார்கள். கொதிக்கிற செங்கல்லில் ஈரம்! ஏன் தளம் பாளம் பாளமாய்ப் பிளக்கவில்லை? அது ஒரே கல் இல்லை என்பதுதான் முதல் காரணம். சின்னச் சின்னக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனியாக விரிந்து சுருங்க இடைவெளி இருக்கு. பெரிய கல் வெடிக்கக்கூடிய இடத்தை முதலே வெட்டி விட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். சாக்கு விடுகிற ஈரமும் மேலோட்டமானது, அடியில் இருக்கிற கனத்த செங்கல் உடனே அந்தச் சூட்டை ஈடுசெய்யும்.

இதைத் தமிழரின் தனிச்சொத்து என்று கொண்டாட வருகிறவருக்கு ஒரு சேதி: பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடம் வாங்கினது. நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் அடுப்புத் தளமும் எங்கட போறணைத் தளமும் ஒரே யோசனை. நேப்பிள்ஸ்காரரின் கலையை 2017இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, நல்ல விசயம். எங்கட போறணையில் விடிய இரண்டு மணிக்கு வேர்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு நாங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? "பேக்கரியில வேலை செய்யிற பொடியன்." பட்டியல் கேட்கவில்லை. அவரிடம் போய்க் கேள்வி கேளுங்கோ என்கிறோம்.

சரி, எப்பிடிச் செய்யிறது?

காரணத்தோடு சொல்கிறோம். உங்கட அடுப்புக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கோ.

தணலைக் கல்லுக்கு நேர்கீழே குவிக்காதேங்கோ. கரியை அடுப்பின் ஓரமாக வளையமாகப் போடுங்கோ, இல்லாட்டி இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கோ. நடு வெறுமையாக இருக்கட்டும்.

கல்லைக் குளிர்ந்த அடுப்பிலேயே வைத்துவிடுங்கோ. பற்றாத கரியை அடுக்கி, ஓரிரு இடத்தில் மட்டும் பற்றின கரியை வைத்து, மூடியைப் போட்டால் நெருப்பு மெல்லப் பரவும். கல்லும் நெருப்போடு சேர்ந்து சூடேறும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கவேண்டாம். ஒரேயடியாய்ச் சுவாலை எழும்பும், அந்த மணத்தைக் கல்லும் குடிக்கும்.

கல்லைக் கம்பித்தட்டில் நேராக வைக்காமல் இரண்டு மூன்று செங்கல் துண்டின் மேல் உயர்த்துங்கோ. கல்லுக்குக் கீழே ஒரு பழைய தகரத் தட்டை இடைவெளிவிட்டு வைத்தால் கதிர்வீச்சு நேராக அடிக்காது. உயர்த்துவதால் இன்னொரு லாபமும் உண்டு. மூடியின் சூடு மேலே கிட்ட வரும், அடி கருகி மேல் வேகாமல் இருக்கிற வழமையான தொல்லையும் குறையும். கல்லைச் சுற்றி இரண்டு அங்குலமாவது வெளிவிடுங்கோ. சூடான காற்று மேலே போகவேணும், கல் விரியவும் இடம் வேணும். எதுக்குள்ளும் இறுக்கி வைக்காதேங்கோ.

சூடு போதுமா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கோ. உடனே கருகினால் கூடிப்போச்சு, காற்றுத்துவாரத்தைக் குறையுங்கோ. மெல்ல மெல்லப் பொன்னிறமானால் சுடலாம். பீட்சா அறைவெப்பநிலையில் இருக்கட்டும், குழம்பை அள்ளி ஊற்றாதேங்கோ. வழிந்த ஒவ்வொரு துளியும் அந்த இடத்தை மட்டும் குளிராக்கும்.

முடிந்ததும் கல்லைத் தொடாதேங்கோ. காற்றுத்துவாரங்களை அடைத்து மூடியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுங்கோ. கரியும் மிச்சம், கல்லும் மிச்சம். விடிய எடுத்துச் சுரண்டித் துடைத்தால் போதும். சவர்க்காரமும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். கறுத்த அடையாளம் அழுக்கில்லை, அது அப்படியே இருக்கட்டும். மழையில் நனைந்தால் இரண்டு மூன்று நாள் நல்லாக் காயவிட்டு, முதலில் சின்னச் சூட்டில் வையுங்கோ.

பெரிய வட்டக்கல் வாங்கக் காசில்லையா? சூளைக்குப் பாவிக்கிற தீச்செங்கல் துண்டுகள் கிடைத்தால் போறணைத் தளம்போல அடுக்குங்கோ. அதுவும் இல்லாட்டி வீட்டில் இருக்கிற தடித்த தோசைக்கல் போதும். பெயர் மட்டும்தான் கல், ஆள் இரும்பு, லேசில் வெடிக்காது. ஆனால் இரும்பு சூட்டைக் கெதியாய்க் கடத்தும், மாவின் அடி சீக்கிரம் கருகும். ஆகவே தணலைக் குறையுங்கோ. ஏன் என்று இப்ப உங்களுக்கே தெரியும்.

கடைசியாக

ஒரு கல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்டால், ஓம். நாங்கள் நிறையச் சாமான்களை இப்பிடித்தான் வாங்கி, இப்பிடித்தான் உடைத்து, இப்பிடித்தான் எறிகிறோம். உடைந்தால் "மலிஞ்ச சாமான்" என்கிறோம், உடையாவிட்டால் "ஒறிஜினல்" என்கிறோம். இரண்டிலும் எங்கட மூளைக்கு வேலை இல்லை. படித்த விஞ்ஞானம் சோதனை மண்டபத்தோடு நின்றுவிடுகிறது, குசினியிலும் சூளையிலும் போறணையிலும் இருக்கிற அறிவை நாங்கள் அறிவென்று எண்ணுவதில்லை. நடுவில் விற்கிறவருக்கு நல்ல இடம் கிடைக்கிறது.

ஆகவே அடுத்தமுறை ஆரும் வெடித்த கல்லோடு வந்து "எந்தக் கல்லு வாங்கலாம்?" என்று கேட்டால், கடையின் பெயரைச் சொல்லாதேங்கோ. தணல் எங்க கிடந்தது, மூடி போட்டிருந்ததா, கல்லில் ஈரம் இருந்ததா, ஆற எவ்வளவு நேரம் விட்டது என்று கேளுங்கோ. நாலு கேள்விக்கும் பதில் வந்தபிறகும் புதுக்கல் தேவையென்றால் வாங்கட்டும். பெரும்பாலும் தேவைப்படாது. அந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, நெருப்பை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மாவைக் குழைக்கத் தொடங்கலாம்.